விரட்டிச் சுடும் கிரௌஸ் வேட்டை: தடையா, உரிமமா, கடும் அமலாக்கமா, சமரசமா?

பிரிட்டனில் சிவப்பு கிரௌஸ் வேட்டைப் பருவம் ஆண்டுதோறும் ஆகஸ்டு 12ஆம் தேதி தொடங்கி டிசம்பர் 10ஆம் தேதி முடிகிறது. அந்தப் பருவம் நெருங்கும்போதெல்லாம் இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் வாழும் தமிழ் வாசகர்கள் ஒரே குழப்பத்தை வெவ்வேறு சொற்களில் எழுதிக் கேட்கிறார்கள். இந்த வேட்டையை அடியோடு தடைசெய்யக் கோரும் மனுவில் கையெழுத்திடுவதா, உரிமமுறை போதும் என்கிற அமைப்புகளுடன் நிற்பதா, இருக்கிற சட்டத்தையே ஒழுங்காக அமல்படுத்தச் சொல்லித் தொகுதி எம்.பி.க்கு எழுதுவதா, அல்லது நிலவுடைமையாளர்களோடு பேசித் தீர்க்கலாம் என்பவர்களை நம்புவதா? நான்கு தரப்பிலும் விவரமறிந்தவர்கள் இருப்பதால்தான் இந்தக் கேள்வி கடினமாகிறது.

விஷயம் புதிதானவர்களுக்காகச் சுருக்கமான பின்னணி. சிவப்பு கிரௌஸ் என்பது நம் கௌதாரியைவிடப் பருத்த, ஹெதர் புதர்கள் படர்ந்த குளிர் மேட்டுநிலங்களில் வாழும் காட்டுப் பறவை. ஃபெசன்ட் என்னும் நீளவால் வேட்டைப்பறவையைப் போல இதைப் பண்ணையில் வளர்த்து விடுவதில்லை. ஆட்கள் கொடி அசைத்தபடி வரிசையாக நடந்து பறவைகளைக் கிளப்ப, கல்லாலும் புல்தரையாலும் கட்டிய மறைவுகளில் காத்திருப்போர் அவற்றைச் சுடுவது விரட்டிச் சுடும் வேட்டை. எட்டு ஒன்பது பேர் கொண்ட குழு ஒரு நாளுக்குப் பல ஆயிரம் பவுண்டு கொடுத்து இதில் கலந்துகொள்கிறது. அவ்வளவு பணத்துக்கு ஈடாகப் போதிய பறவைகள் எழவேண்டுமானால், இயற்கையில் இருப்பதைவிடப் பன்மடங்கு நெருக்கமாக கிரௌஸ் இருக்கவேண்டும். அதற்காக ஹெதர் புதர்களைத் திட்டுத் திட்டாக எரிக்கிறார்கள். குடற்புழுவுக்கு மருந்து பூசிய சிறுகற்களைப் பறவைகள் கொத்தும் இடங்களில் வைக்கிறார்கள். நரி, ஸ்டோட் (கீரியை ஒத்த சிறு ஊனுண்ணி), காகம் போன்றவற்றைச் சட்டப்படியே கொல்கிறார்கள். சிக்கல் அடுத்த படியில் வருகிறது. நம் புல்வெளிகளுக்குக் குளிர்காலத்தில் வலசை வரும் பூனைப்பருந்துகளின் உறவினமான ஹென் ஹாரியரும், பொன்னிறக் கழுகும், பைரியும் கிரௌஸைத் தின்னும். 1954ஆம் ஆண்டின் பறவைகள் பாதுகாப்புச் சட்டமும் 1981ஆம் ஆண்டின் வனவிலங்கு மற்றும் நாட்டுப்புறச் சட்டமும் இவற்றைக் கொல்வதைக் குற்றமாக்கியிருந்தும் கொலை நிற்கவில்லை.

## எதை வைத்து எடைபோடுவது

ஐந்து அளவுகோல்களை எடுத்துக்கொள்கிறேன்: குற்றத்தை நிறுவ எந்த அளவு சாட்சியம் வேண்டும், நடவடிக்கை யாரைச் சென்று தொடும், செலவு யார் தலையில் விழும், அதன்பிறகு அந்த நிலம் என்னவாகும், நிறைவேறும் வாய்ப்பு எவ்வளவு. இவை ஐந்தும் சம எடை கொண்டவை அல்ல. முதலாவதைத் தீர்க்காத எந்த வழியும் மற்ற நான்கிலும் சிறந்து விளங்கிப் பயனில்லை என்பது என் கருத்து. அதற்கான காரணத்தைச் சற்று விரித்தே சொல்லவேண்டும்.

ஹென் ஹாரியரின் முதுகில் பொருத்தப்படும் செயற்கைக்கோள் கருவி 10 கிராமுக்கும் குறைவான எடையுள்ளது. மேற்புறத்தில் சிறு சூரியத் தகடும் பின்புறம் நீளும் மெல்லிய ஆண்டெனாவும் கொண்ட அதனை நாடாக்களால் கட்டிவிடுகிறார்கள். பறவை பசியிலோ நோயிலோ இறந்தால், கருவி பெரும்பாலும் தரையில் கிடந்தபடியே தகவல் அனுப்பிக்கொண்டிருக்கும். தேடிச் செல்பவர்கள் உடலைக் கண்டெடுத்துவிடுவார்கள். கருவியே பழுதாகிறது என்றால், மின்னழுத்தம் இறங்குவது போன்ற அறிகுறிகள் முன்னதாகவே தெரியும். இவை எதுவுமின்றி, நேற்றுவரை சீராக இயங்கிய கருவி திடீரென்று நின்றுபோய், உடலும் கிடைக்காவிட்டால், யாரோ இரண்டையும் அப்புறப்படுத்தியிருக்கிறார்கள் என்று சந்தேகிப்பதைத் தவிர வேறு வழியில்லை. 2020இல் ஸ்காட்லாந்தின் பெர்த்ஷயரில், பிரான் ஆற்றங்கரையில் நடந்து சென்றவர்கள் ஈயத் தகட்டில் சுற்றப்பட்ட ஒரு கருவியைக் கண்டெடுத்தார்கள். கட்டியிருந்த நாடா அறுக்கப்பட்டிருந்தது. நான்கு ஆண்டுகளுக்கு முன் காணாமற்போன பொன்னிறக் கழுகு ஒன்றின் கருவி அது. சமிக்ஞையை மறைக்க ஈயத்தில் சுற்றத் தெரிந்தவருக்குத் தாம் செய்வது இன்னதென்று தெரியாமல் இருந்திருக்காது.

ஒட்டுமொத்தக் கணக்கும் இதையே சொல்கிறது. 2004 முதல் 2016 வரை கருவி பொருத்தப்பட்ட 131 இளம் பொன்னிறக் கழுகுகளில் 41 சந்தேகத்துக்குரிய முறையில் காணாமற்போயின என்று ஸ்காட்லாந்து அரசு 2017இல் வெளியிட்ட ஆய்வு கண்டது. கருவி பொருத்தப்பட்ட 58 ஹென் ஹாரியர்களின் தரவை அலசி 2019இல் வெளியான மற்றோர் ஆய்வு, அவற்றில் 72 சதவீதம் கொல்லப்பட்டவை அல்லது கொல்லப்பட்டிருக்கக் கூடியவை என்றும், கிரௌஸ் மேட்டுநிலங்களில் இறக்கவோ மறையவோ உள்ள வாய்ப்பு மற்ற இடங்களைவிடப் பத்து மடங்கு என்றும் கூறியது. குற்றம் நடப்பது புள்ளிவிவரத்தில் பளிச்சென்று தெரிகிறது. ஆனால் எந்த ஒரு தனிச் சம்பவத்தையும் எடுத்தால், யார் செய்தார் என்பதை ஐயமின்றி நிறுவ முடிவதில்லை. நான்கு வழிகளையும் பிரித்துக் காட்டுவது இந்த இடைவெளியை அவை எப்படிக் கையாளுகின்றன என்பதுதான்.

| வழி | வேண்டிய சாட்சியம் | யாரைத் தொடும் | செலவைச் சுமப்பவர் | தற்போதைய நிலை |
|---|---|---|---|---|
| அமலாக்கத்தைக் கடுமையாக்குதல் | நியாயமான ஐயத்துக்கு இடமின்றி | பெரும்பாலும் வேட்டைக் காவலரை | காவல்துறை, தொண்டு அமைப்புகள் | பிரிட்டன் முழுவதும் |
| சமரச வழி | தேவையில்லை | யாரையும் இல்லை | அரசும் எஸ்டேட்டுகளும் | இங்கிலாந்தில் நடந்த சோதனை முடிந்தது |
| உரிமமுறை | எது நடந்திருக்க அதிக வாய்ப்பு என்ற அளவு | வேட்டை நடத்தும் எஸ்டேட்டை | கட்டணத்தைப் பொறுத்தது | ஸ்காட்லாந்தில் 2024 முதல் |
| முழுத் தடை | வேட்டை நடந்ததைக் காட்டினால் போதும் | தொழில் முழுவதையும் | எஸ்டேட்டுகள், மலையோர ஊர்கள் | எங்கும் இல்லை |

## வழி ஒன்று: இருக்கும் சட்டத்தைக் கடுமையாக அமல்படுத்துதல்

இதற்குப் புதிய சட்டம் வேண்டியதில்லை என்பதால் கேட்பதற்கு நியாயமாகத் தோன்றுகிறது. வேட்டை ஆதரவாளர்களும் இதைத்தான் முதலில் சொல்வார்கள்: சில கெட்டவர்களைப் பிடியுங்கள், தொழிலை விட்டுவிடுங்கள்.

பிடிப்பது எப்படி என்பதுதான் கேள்வி. ஆள் நடமாட்டமில்லாத பல்லாயிரம் ஏக்கர் மேட்டுநிலத்தில், விடியற்காலையில், துப்பாக்கி வைத்திருக்க முழு உரிமையுள்ள ஒருவர் ஒரு பறவையைச் சுட்டு, ஹெதருக்கடியில் புதைத்துவிட்டால் சாட்சி ஏது? அரிதாகச் சாட்சி கிடைத்தாலும் அது நிற்பதில்லை. ஸ்காட்லாந்தில் 2013இல் ஒரு பறவைப் பாதுகாப்பு அமைப்பின் கேமரா ஹென் ஹாரியர் சுடப்படுவதைப் பதிவுசெய்தது. அந்தக் காணொளியை நீதிமன்றத்தில் ஏற்க முடியாது என்று அரசுத் தரப்பே 2017இல் வழக்கைக் கைவிட்டது.

தண்டனையைக் கூட்டியும் பார்த்தாயிற்று. கேம்கீப்பர் எனப்படும் வேட்டைக் காவலர் செய்த குற்றத்துக்கு அவருடைய முதலாளியையும் பொறுப்பாக்கும் விதி ஸ்காட்லாந்தில் 2012 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ளது. அதன்கீழ் முதல் தண்டனை 2014 டிசம்பரில் வந்தது. அபராதம் 675 பவுண்டு. ஒரு நாள் வேட்டைக்கு வாங்கும் தொகையோடு இதை ஒப்பிட்டுக்கொள்ளலாம். இன்னொரு விவகாரத்தில், எஸ்டேட்டின் உண்மையான உரிமையாளர் யார் என்பதையே நிறுவ முடியாததால் முதலாளிமீதான நடவடிக்கை நின்றுபோனது. 2020இல் கொண்டுவந்த சட்டத்தின் மூலம் ஸ்காட்லாந்து உச்சபட்சத் தண்டனையை ஐந்து ஆண்டுச் சிறையாக உயர்த்தியது. இங்கிலாந்தில் அது இன்றும் ஆறு மாதமே. ஆனால் பிடிபடும் வாய்ப்பு ஏறத்தாழ இல்லை என்னும்போது ஆறு மாதத்துக்கும் ஐந்து ஆண்டுக்கும் நடைமுறையில் வேறுபாடு குறைவு. பிடிபட்டவர்கள் யார் என்பது மட்டும் தெளிவு: 2009 முதல் 2023 வரை இத்தகைய குற்றங்களுக்காகத் தண்டிக்கப்பட்டவர்களில் ஏறத்தாழ முக்கால்வாசிப் பேர் வேட்டைப்பறவைத் தொழிலோடு தொடர்புடையவர்கள் என்று ஆர்எஸ்பிபி என்னும் பறவைகள் பாதுகாப்புச் சங்கம் கணக்கிட்டுள்ளது.

கண்ணுக்குத் தெரியாத செலவு இதில் இரண்டு. சில மணிநேரத் தேடுதலுக்குக்கூடக் கிராமப்புறக் காவல் நிலையம் ஆட்களை ஒதுக்கவேண்டும், விஷப் பரிசோதனைக்கு ஆய்வகம் வேண்டும், வழக்கு முடிய ஆண்டுகள் பிடிக்கும், இது முதலாவது. இரண்டாவது, தண்டனை எப்போதும் சம்பளத்துக்கு வேலைசெய்பவர் மீதே விழுகிறது. வீடும் வேலையும் எஸ்டேட்டைச் சார்ந்த ஒருவர் சிறைக்குப் போவார். கிரௌஸ் எண்ணிக்கை குறையக் கூடாது என்று சொன்னவரின் பெயர் குற்றப்பத்திரிகையில் இருக்காது.

இருந்தும் இந்த வழியைத் தள்ளிவிட முடியாத இடங்கள் உண்டு. சமவெளியில், ஃபெசன்ட் குஞ்சுகளை வளர்த்துவிடும் கொட்டில்களின் அருகே விஷமிட்ட இரையும் பொறியும் கிடைக்கும்போது சாட்சியம் பௌதிகமாக இருக்கிறது; அங்கே சாதாரணக் குற்றவியல் சட்டம் வேலைசெய்கிறது. நார்ஃபோக்கில் பத்து பஸ்ஸர்ட் பருந்துகளுக்கும் ஒரு சிட்டுவல்லூறுக்கும் விஷம் வைத்த காவலர் 2014இல் தண்டிக்கப்பட்டார், தண்டனை நிறுத்திவைக்கப்பட்டபோதிலும். நடைப்பயிற்சியில் இறந்த பருந்தைக் கண்டால் கையால் தொடாதீர்கள். கார்போஃபியூரான் போன்ற விஷங்கள் தோல் வழியாகவும் ஆபத்தானவை. அளவு தெரியும்படி அருகில் ஏதேனும் ஒரு பொருளை வைத்துப் படமெடுத்து, இடத்தைக் குறித்துக்கொண்டு, காவல்துறையின் 101 எண்ணை அழையுங்கள்.

## வழி இரண்டு: சமரச வழி

கொல்வதற்கான காரணத்தையே எடுத்துவிட்டால் கொலை நிற்கும் என்பது இதன் அடிப்படை. இரண்டு உத்திகள் உண்டு.

ஒன்று, மாற்று உணவு. கூட்டுக்கு அருகே கம்பங்களில் செத்த எலியையும் கோழிக்குஞ்சையும் வைத்தால், ஹாரியர் தன் குஞ்சுகளுக்குக் கிரௌஸ் குஞ்சைக் கொண்டுசெல்வது பெருமளவு குறைகிறது என்பது தெற்கு ஸ்காட்லாந்தின் லாங்கம் மேட்டுநிலத்தில் உறுதியானது. ஆனால் அதனால் மட்டும் கிரௌஸ் எண்ணிக்கை விரட்டிச் சுடும் வேட்டைக்குப் போதுமான அளவு ஏறிவிடவில்லை. எஸ்டேட்டுகள் இதை ஆர்வத்தோடு ஏற்காததற்கு அதுவே காரணம்.

மற்றொன்று, குஞ்சு மேலாண்மை. இங்கிலாந்து அரசின் 2016ஆம் ஆண்டுச் செயல்திட்டத்தில் இடம்பெற்று, 2018இல் அரசின் இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான நேச்சுரல் இங்கிலாந்து உரிமம் வழங்க, 2019இல் முதன்முறையாக நடைமுறைக்கு வந்தது. 10 கிலோமீட்டருக்குள் இரண்டு கூடுகள் இருந்தால், ஒன்றின் குஞ்சுகளை எடுத்து, அடைப்பில் வளர்த்து, பறக்கும் பருவத்தில் மேட்டுநிலத்திலேயே விடுவார்கள். சட்டப்படி பாதுகாக்கப்பட்ட பறவையை அது இருக்கும் இடத்திலிருந்து அகற்றுவது குற்றவாளிகளுக்குக் கொடுக்கும் சலுகை என்று ஆர்எஸ்பிபி உள்ளிட்டோர் தொடுத்த வழக்குகள் தோற்றன.

பலனை நேர்மையாகப் பார்க்கவேண்டும். 2013இல் இங்கிலாந்தில் ஒரு ஹென் ஹாரியர் கூடுகூட வெற்றிபெறவில்லை. 2016இல் 4 இணைகளே இருந்தன. 2023 கணக்கெடுப்பில் 50. அந்த ஆண்டு 54 கூடுகளில் முயற்சி நடந்து 141 குஞ்சுகள் பறந்தன. இந்த ஏற்றத்தில் சமரச வழிக்குப் பங்கே இல்லை என்று சொல்வது பிடிவாதம். தம் நிலத்தில் ஹாரியர் கூடுகட்டுவதைச் சில எஸ்டேட்டுகளாவது பொறுத்துக்கொண்டன. ஆனால் 2024இல் முயற்சிகள் 34ஆகவும் குஞ்சுகள் 80ஆகவும் சரிந்தன. 2020 முதல் 2024 வரையான ஐந்து ஆண்டுகளில் 102 ஹென் ஹாரியர்கள் கொல்லப்பட்டன அல்லது சந்தேகத்துக்குரிய முறையில் மறைந்தன என்கிறது ஆர்எஸ்பிபி. சோதனைக் காலமும் அதே ஆண்டில் முடிந்தது. கூட்டில் காப்பாற்றப்பட்ட பறவை குளிர்காலத்தில் அடுத்த எஸ்டேட்டின் மேல் பறக்கும்போது அந்த ஒப்பந்தம் அதனுடன் கூடவே பறப்பதில்லை.

இதன் மறைவான செலவு பணமல்ல. இங்கிலாந்தின் வாழிடம் முந்நூறுக்கும் மேற்பட்ட இணைகளைத் தாங்கும் என்று அரசின் அறிவியல் ஆலோசனைக் குழுவே 2011இல் மதிப்பிட்டது. 50 என்பதை வெற்றியாகக் கொண்டாடப் பழகும்போது, எதிர்பார்ப்பின் அளவே சுருங்கிப்போகிறது. ஹாரியர்மீது உண்மையான அக்கறை கொண்ட எஸ்டேட்டோடு உள்ளூர் அளவில் வேலை செய்பவர்களுக்கு மாற்று உணவு நல்ல கருவி. ஒரு நாட்டின் கொள்கையாக இது போதாது.

## வழி மூன்று: உரிமமுறை

ஜெர்மனியிலும் ஐரோப்பாவின் பல நாடுகளிலும் வேட்டையாடத் தேர்வு எழுதவேண்டும், உரிமம் பெறவேண்டும். இங்கிலாந்தில் இதற்கு நேர்மாறாக, பெயரளவுக்கு இருந்த வேட்டைப்பறவை உரிமத்தையும் 2007இல் நீக்கிவிட்டார்கள். இறைச்சிக் கடைக்கும் மதுக்கடைக்கும் விதிகள் உண்டு. மலைப்பரப்பையே மாற்றியமைக்கும் வேட்டைக்கு, துப்பாக்கிச் சான்றிதழ் தவிர, நிலத்தோடு கட்டிய நிபந்தனை ஏதுமில்லை. ஆர்எஸ்பிபி 2020இல் உரிமமுறை கோரியபோது இதையும் கணக்கில் எடுத்துக்கொண்டது. ஐந்து ஆண்டுக்குள் மாற்றம் வராவிட்டால் தடை கோருவோம் என்றும் அப்போது அறிவித்தது. அந்தக் கெடு 2025 அக்டோபருடன் முடிந்துவிட்டது.

ஸ்காட்லாந்து வந்த வழி கவனிக்கத்தக்கது. 2017இன் கழுகு ஆய்வைத் தொடர்ந்து பேராசிரியர் ஆலன் வெரிட்டி தலைமையில் குழு அமைக்கப்பட்டது. 2019 டிசம்பரில் அறிக்கை தந்த அந்தக் குழு, உடனடி உரிமமுறை குறித்து இரண்டாகப் பிரிந்து, ஐந்து ஆண்டு பொறுத்துப் பார்க்கலாம் என்றது. அரசு பொறுக்கவில்லை, 2020 நவம்பரில் உரிமமுறை வரும் என்று அறிவித்தது. வனவிலங்கு மேலாண்மை மற்றும் ஹெதர் எரிப்புச் சட்டம் 2024 மார்ச்சில் நாடாளுமன்றத்தில் நிறைவேறி, அவ்வாண்டு ஆகஸ்டுப் பருவத்துக்கே உரிமம் கட்டாயமாயிற்று. அதே சட்டம் கண்ணிகளையும் தடைசெய்தது. பீட் எனப்படும் கரிமச் செறிவுள்ள ஈரமண்ணின்மேல் எரிப்பதற்குத் தனி உரிமத்தையும் கொண்டுவந்தது. எரிப்பு உரிமம் நடைமுறைக்கு வருவது மட்டும் தள்ளிப்போனது.

முதல் அளவுகோலில் உரிமமுறை மற்ற வழிகளைத் தாண்டி நிற்கிறது. கண்காணிக்கும் அமைப்பான நேச்சர்ஸ்காட், நீதிமன்றத் தண்டனைக்குக் காத்திருக்கவேண்டியதில்லை. இந்த நிலத்தின் மேலாண்மையோடு தொடர்புடைய குற்றம் நடந்திருக்கவே அதிக வாய்ப்பு என்று அதற்குத் திருப்தி ஏற்பட்டால், உரிமத்தை நிறுத்திவைக்கலாம், ரத்தும் செய்யலாம். விஷமிட்ட இரை கிடைக்கிறது, பொறியில் பைரி சிக்கியிருக்கிறது, ஆனால் வைத்தவர் இன்னார் என்று காட்ட முடியவில்லை என்ற நிலையில் குற்றவியல் வழக்கு அங்கேயே செத்துவிடும். உரிம நடவடிக்கை அங்கிருந்துதான் தொடங்கும். இரண்டாவது அளவுகோலிலும் அப்படியே: இழப்பு காவலருக்கு அல்ல, வேட்டையால் வருமானம் பெறுபவருக்கு. சட்டத்தை மதிக்கும் எஸ்டேட்டுக்கு இதனால் இழப்பு என்று சொல்ல எதுவுமில்லை.

இதில் உள்ள ஓட்டைகளையும் சொல்லியாகவேண்டும். கருவி கடைசியாகத் தகவல் அனுப்பிய இடமும் பறவை கொல்லப்பட்ட இடமும் ஒன்றாக இருக்கவேண்டிய கட்டாயமில்லை; இடைப்பட்ட நேரத்தில் ஹாரியர் பல மைல் பறந்துவிடும். ஆகவே சாட்சிய அளவைத் தளர்த்தினாலும், மறைந்துபோன கருவியை ஒரு குறிப்பிட்ட எஸ்டேட்டோடு பிணைப்பது எளிதல்ல. அடுத்தது, எல்லை. தொடக்கத்தில் எஸ்டேட்டின் முழுப் பரப்புக்கும் உரிமம் என்றிருந்ததை, நிலவுடைமையாளர் தரப்பின் சட்டரீதியான எதிர்ப்புக்குப் பின் 2024 நவம்பரில் நேச்சர்ஸ்காட் மாற்றியது. கிரௌஸ் சுடப்படும் பரப்பை மட்டும் உரிமத்தில் காட்டினால் போதும் என்றாயிற்று. சுடும் மறைவுகளைச் சுற்றிய சிறு வட்டத்துக்கு உரிமம் வாங்கிவிட்டு, பள்ளத்தாக்குக் காட்டில் கூடுகட்டும் கழுகை அதே எஸ்டேட்டின் உரிமமில்லாத பகுதியில் கொல்ல முடியும் என்றால் உரிமத்தின் பொருளே போய்விடுகிறது. நல்ல சட்டமும் ஒரு வரைபடக் கோட்டில் எப்படி நீர்த்துப்போகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. மூன்றாவதாக, இந்த உரிமம் சிவப்பு கிரௌஸ் வேட்டைக்கு மட்டுமே. ஆண்டுக்குச் சுமார் 4.7 கோடி ஃபெசன்டுகளும் கௌதாரியின் உறவினமான செங்கால் பார்ட்ரிட்ஜ்கள் ஒரு கோடியும் பிரிட்டனில் வளர்த்து விடப்படுவதாக 2016ஐ ஒட்டிய மதிப்பீடு ஒன்று கூறுகிறது. பருந்துக் கொலை அந்த வேட்டைகளைச் சுற்றியும் நடக்கிறது.

செலவைப் பொறுத்தவரை, கட்டணம் உண்மைச் செலவை ஈடுகட்டாவிட்டால் கண்காணிப்பைப் பொதுமக்கள் வரிப்பணம் சுமக்கும். ஆள்பற்றாக்குறையுள்ள அமைப்பு காகிதத்தில் உரிமம் கொடுத்துவிட்டு ஓய்ந்துவிடும். இன்னொரு விலை கொள்கை சார்ந்தது: அரசு முத்திரை பெற்ற தொழில் தன்னை நியாயமானதென்று காட்டிக்கொள்ளும். தடை கோருவோரின் இந்த அச்சத்தை நான் மிகையென்று ஒதுக்கமாட்டேன்.

ஐந்தாவது அளவுகோல் இவ்வழிக்குச் சாதகம். எல்லையின் ஒரு பக்கம் ஏற்கெனவே சட்டமாக இருப்பதை மறுபக்கம் கொண்டுவரச் சொல்வது, இல்லாததைக் கேட்பதைவிட எளிது.

## வழி நான்கு: முழுத் தடை

விரட்டிச் சுடும் வேட்டை நடைபெறுவதற்கு ஆட்களும் வாகனங்களும் துப்பாக்கிச் சத்தமும் வேண்டும். அதை மறைக்க முடியாது. ஆகவே சாட்சியச் சிக்கல் இங்கே தலைகீழாகிவிடுகிறது. கழுகைக் கொன்றது யார் என்று தேடவேண்டியதில்லை. கொல்வதற்கான பொருளாதாரக் காரணமே அகன்றுவிடுகிறது. பறவைப் பாதுகாப்புச் செயல்பாட்டாளர் மார்க் ஏவரி 2016இல் தொடங்கிய மனு 1,23,077 கையெழுத்துகளைப் பெற்று நாடாளுமன்ற விவாதத்துக்குப் போனது. அவர் சக செயல்பாட்டாளர்களான கிறிஸ் பேக்கம், ரூத் டிங்கே ஆகியோருடன் 2019இல் தொடங்கிய வைல்ட் ஜஸ்டிஸ் அமைப்பின் முயற்சியில் அதே கோரிக்கை மறுபடியும் ஒரு லட்சத்தைத் தாண்டி, 2025 ஜூன் 30 அன்று விவாதிக்கப்பட்டது. தடைசெய்யும் திட்டம் இல்லை என்று அரசு பதிலளித்தது.

தடைக்கான வாதம் பருந்தோடு நிற்பதில்லை. எரிப்பால் கெடும் பீட் மண், அதிலிருந்து வெளியேறும் கரிமம், மழைநீர் வேகமாக இறங்கிப் பள்ளத்தாக்கு ஊர்களை மூழ்கடிக்கும் அபாயம், சட்டப்படியே கொல்லப்படும் ஆயிரக்கணக்கான நரிகளும் ஸ்டோட்டுகளும் என்று அது விரிகிறது. இதில் எரிப்பு மட்டும் தனியே ஓரளவு கட்டுக்குள் வந்துள்ளது: இங்கிலாந்து 2021இல் கொண்டுவந்த விதிகளை 2025இல் இறுக்கி, 30 சென்டிமீட்டர் ஆழமுள்ள பீட் மண்ணையும் அவற்றுக்குள் கொண்டுவந்தது.

தடை ஆதரவாளர்கள் பேசத் தயங்கும் செலவு, நான்காவது அளவுகோலில் இருக்கிறது. லாங்கம் மேட்டுநிலத்தையே மீண்டும் பார்க்கலாம். 1992 முதல் 1997 வரை அங்கே சட்டம் முறையாகக் கடைப்பிடிக்கப்பட்டதில் ஹென் ஹாரியர் பெண் பறவைகள் 2இலிருந்து 20ஆகப் பெருகின. கிரௌஸ் குறைந்து விரட்டிச் சுடும் வேட்டை நின்றது. 1999இல் வேட்டைக் காவலர்களையும் விலக்கிக்கொண்டார்கள். நரிகள் பெருகின, தரையில் கூடுகட்டும் ஹாரியர்களும் குறைந்தன. நார்தம்பர்லாந்தின் ஆட்டர்பர்னில் 2000 முதல் 2008 வரை நடந்த ஆய்விலோ, நரியையும் காகத்தையும் கட்டுப்படுத்திய இடங்களில் கர்லூ எனப்படும் கோட்டான், ஆள்காட்டி, உப்புக்கொத்தி போன்றவற்றின் இனப்பெருக்க வெற்றி ஏறத்தாழ மூன்று மடங்கானது. வேட்டை நின்றால் இயற்கை தானாகச் செழித்துவிடும் என்பது எப்போதும் உண்மையல்ல. அந்த நிலத்தை வாங்குபவர் ஊசியிலை மரத் தோட்டம் போடலாம், செம்மறிகளை மிகுதியாக மேயவிடலாம். வேலையிழப்பும் வரும். இங்கிலாந்தில் இத்தொழில் 1,500 பேர் அளவுக்கு முழுநேர வேலை தருவதாகவும் ஆண்டுக்கு 6.7 கோடி பவுண்டு ஈட்டுவதாகவும் தொழில் தரப்பு கூறுகிறது. அந்தக் கணக்கைக் கூட்டிச் சொன்னது என்று வைத்துக்கொண்டாலும், வேறு தொழில் இல்லாத மலையூரில் ஐந்து வேலைகள்கூடப் பெரிது.

லாங்கம் கதைக்கு இன்னொரு அத்தியாயமும் உண்டு. 2021இலும் 2022இலும் அவ்வூர் மக்கள் நிதி திரட்டி, அந்த மேட்டுநிலத்தில் 10,000 ஏக்கருக்கும் அதிகமான பரப்பை விலைக்கு வாங்கி, டாரஸ் பள்ளத்தாக்கு இயற்கைக் காப்பகமாக மாற்றினார்கள். தடைக்குப் பின் என்ன என்ற கேள்விக்கு இது ஒரு விடை. ஆனால் அதற்குப் பணமும் உழைப்பும் தேவைப்பட்டன, வெறும் தடையால் அது நிகழவில்லை.

சட்டரீதியாகத் தடை முடியாத காரியம் அல்ல. நாய்களைக் கொண்டு நரி வேட்டையாடுவதைத் தடைசெய்த 2004ஆம் ஆண்டுச் சட்டத்தை எதிர்த்த வழக்கை அன்றைய உச்ச மேல்முறையீட்டு அமைப்பான பிரபுக்கள் சபை 2007இல் தள்ளுபடி செய்தது. அந்தச் சட்டம் பின்னர், செயற்கையாக இட்ட வாடையை நாய்கள் தொடர்வதாகச் சொல்லும் தடம் பிடிக்கும் வேட்டை என்ற பெயரில் ஏய்க்கப்பட்டதும் தெரிந்ததே. விரட்டுவதைத் தடைசெய்தால், நடந்துசென்று சுடுவது சட்டபூர்வமாகத் தொடரும். அது குறைந்த பறவைகளோடு நிறைவுறும் வேட்டை என்பதால் பருந்துகளுக்குக் கெடுதல் குறைவு.

## எந்த நிலையில் எது

உயிரைக் கேளிக்கைக்காகக் கொல்வதே தவறு என்பது உங்கள் நிலைப்பாடானால், மேலே சொன்ன ஒப்பீடு உங்களுக்கு அவசியமே இல்லை. தடையைக் கோருங்கள், உரிமமுறையை ஆதரிப்பதாகக் காட்டிக்கொள்ளவேண்டாம். சமவெளியில், ஃபெசன்ட் வேட்டை நடக்கும் கிராமத்தருகே வசிப்பவருக்கு இன்றைக்குக் கையில் இருப்பது முதல் வழி மட்டுமே. எஸ்டேட் ஒன்றில் வேலைசெய்பவரோ அதை நிர்வகிப்பவரோ ஆனால், மாற்று உணவு நீங்கள் இந்தக் கோடையிலேயே தொடங்கக் கூடியது.

காட்டுப் பருந்துகள் பிழைக்கவேண்டும், அதுவே முதன்மை என்று எண்ணும் பெரும்பாலான வாசகர்களுக்கு, இங்கிலாந்தைப் பொறுத்தவரை நான் உரிமமுறையையே பரிந்துரைக்கிறேன். இதனால் தடை மனுவில் கையெழுத்திடக் கூடாது என்றில்லை. ஒரு லட்சம் கையெழுத்து விவாதத்தை வரவழைக்கும். தடைக்கு ஆதரவு வலுக்கும்போதுதான் உரிமமுறை நடுவழியாகத் தெரியத் தொடங்கும். ஆனால் எம்.பி.க்கு எழுதும் கடிதத்தில் இரண்டையும் கலக்காதீர்கள்; அங்கே உரிமத்தைப் பற்றி மட்டும், நிபந்தனைகளோடு எழுதுங்கள். உரிமம் நிலவுடைமையின் முழுப் பரப்புக்கும் பொருந்தவேண்டும். குற்றவியல் தண்டனைக்குக் காத்திராமல் நிறுத்திவைக்கும் அதிகாரம் வேண்டும். கண்காணிப்பின் முழுச் செலவையும் கட்டணம் ஈடுகட்டவேண்டும். ஃபெசன்ட், பார்ட்ரிட்ஜ் வேட்டைகளுக்கும் விரிவாக்க இடமிருக்கவேண்டும். உரிமம் ரத்தான எஸ்டேட், வேறு நிறுவனத்தின் பெயரில் மறு ஆண்டே விண்ணப்பிக்க முடியாதபடி, தடைக்காலம் நிலத்தோடு பிணைக்கப்படவேண்டும்.

ஸ்காட்லாந்தில் வசிப்பவர்களின் வேலை வேறு. அங்கே சட்டம் இருக்கிறது, அதைக் காப்பாற்றவேண்டும். உங்கள் தொகுதியின் ஸ்காட்லாந்து நாடாளுமன்ற உறுப்பினரிடம் கேட்கவேண்டியது ஒன்றுதான்: தொகுதியில் உரிமம் பெற்ற ஒவ்வொரு எஸ்டேட்டின் மொத்தப் பரப்பு எவ்வளவு, உரிமத்தில் காட்டப்பட்ட பரப்பு எவ்வளவு?